இரண்டாவது டிஸ்க்

பண்டு சாப்பிடவில்லை என்று விசாலாக்ஷி சொன்ன பொய்க்கு அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நூற்றுப்பத்து நாள் ஆகியிருந்தது.

தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த வீடு தெரியும். இந்த வாரம்தான் வாசல் ஏறுகிறவர்களுக்காக நாலு வரி. புனேயில், கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு தரைத்தள வீடு. ஃபிட்டராக இருந்த சுப்பையா, ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், ஷூ லேஸ் கட்டக் குனிந்து அப்படியே சாய்ந்துவிட்டார். மனைவி விசாலாக்ஷிக்கு ஐம்பத்திரண்டு வயது. மகன் ஜெயசீலனுக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை, வாகட்டில் புது ஃப்ளாட், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மகள் காவ்யா கல்லூரியில் கடைசி வருஷம். டிசம்பருக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

அம்மாவும் தங்கையும் வாகட்டுக்கு வருவதென்று ஜெயசீலன் முடிவு செய்திருந்தான். விசாலாக்ஷியும் சரி என்றிருந்தாள். ஆனால் அந்தக் குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே சுப்பையா வளர்த்த நாய் பண்டுவை, அவருடைய நண்பர் கோவிந்தராஜ் தளேகாவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகப் போன வாரம் பேச்சாகியிருந்தது. இன்றைக்கு மூன்று மணிக்கு டெம்போ வரும்.

அந்தப் பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் சுப்பையாவின் படத்தைப் பார்த்தார்கள். அடுத்து வாசல்படியில் படுத்திருந்த பண்டுவைப் பார்த்தார்கள். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தே இருக்கும். ஆறு வருஷமாகத் தினமும் அவரோடு ஃபேக்டரி கேட் வரை நடந்த நாய். பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாவம், அது ஏதாவது சாப்பிடுகிறதா?

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்த குவார்ட்டர்ஸில் நாய்ப் படம் பார்க்காதவர்கள் கிடையாது. பதினைந்து வருஷமாக மாதம் ஒரு நாய்ப் படமாவது சுப்பையா வீட்டு ஹாலில் ஓடியிருக்கிறது. ஹிந்தி, தமிழ், டப்பிங் செய்த வெள்ளைக்காரப் படம் எதுவானாலும், நாய் இருந்தால் சரி. வாசல்வரை ஆட்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எஜமான் போனால் நாய் முதல் சில நாளாவது எதையும் தொடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

“திங்கவே மாட்டேங்கு. தண்ணிகூட வாயில படல” என்று விசாலாக்ஷி சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் அது வேலை செய்ய ஆரம்பித்தது. எதிர்வீட்டு மராட்டிக்காரி ஷிண்டே காக்கூ, யாருக்கும் தெரியாமல் தினம் காலையில் சோள ரொட்டியான பாக்ரியில் பால் விட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மாடி வீட்டு மலையாளி மீன் தலை வைத்தார். கேட் வாட்ச்மேன் தன் பங்குக்கு க்ளூக்கோஸ் பிஸ்கட். தான் கொடுத்தால்தான் அது சாப்பிடுகிறது என்று ஒவ்வொருவரும் நம்பியதால் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பண்டு எல்லா வீட்டிலும் தின்றது. தின்றுவிட்டு, வெயில் படாத இடமாகப் பார்த்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்கியது.

விசாலாக்ஷிக்கு அதன் மேல் ஆத்திரமாக வந்தது. அவர் கையால் தின்ற நாய். ஒரு நாள், ஒரே ஒரு வேளை, அவருக்காக அது சோற்றை வேண்டாமென்று தள்ளியிருக்கலாம்.

அன்று காலை பதினோரு மணிக்கு காவ்யா, டிவிக்குக் கீழே இருந்த பிளேயரைத் துடைக்கத் திறந்தபோது உள்ளே ஒரு விசிடி கிடந்தது. சுப்பையா கடைசியாக எடுத்துவந்த படம். அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன், ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சேர்ந்து பார்த்தது. திருப்பிக் கொடுக்கவே இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கட்கி பஜாருக்குப் போனாள். அங்கே ரஹீமின் வீடியோ கடை. கடையநல்லூர்க்காரர். கேசட் காலத்திலிருந்து சுப்பையா அங்கேதான் படம் எடுப்பார். இப்போது கடையின் பாதியில் மொபைல் ரீசார்ஜ் நடந்தது.

போனவள் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டாள். கையில் டிஸ்க் இருந்தது. ஆனால் கொண்டுபோனது அல்ல.

“அம்மா, இது செகண்ட் டிஸ்க்.”

விசாலாக்ஷி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அது கீறல் விழுந்ததுலா?”

“இல்ல. ஸ்கிராட்சே இல்ல. எதுலயும் இல்லையாம். அப்பா ஜூட் சொல்லியிருக்கார், எல்லாம் பொய்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விசிடியில் ஒரு படம் இரண்டு தட்டாக வரும். முதல் தட்டு முடிந்ததும் எழுந்து மாற்றிப் போட வேண்டும். மற்ற படங்களென்றால் சுப்பையா மாற்றிப் போடுவார். நாய்ப் படமென்றால் மட்டும், இரண்டாவது தட்டில் கீறல், ரஹீம் கடையில் பிள்ளைகள் எடுத்துப்போய் எடுத்துப்போய்ப் பாழாக்கிவிட்டார்கள் என்பார். அதற்கு முன் கேசட் காலத்தில், கடைசியில் ரீல் நசுங்கியிருக்கிறது என்பார். பிறகு பிளேயரை அணைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மிச்சக் கதையை அவரே சொல்லுவார். நன்றாகச் சொல்லுவார். நாய் குரைப்பது, கதவு திறப்பது எல்லாம் அவர் வாயிலேயே வரும். குவார்ட்டர்ஸ் மொத்தமும் பதினைந்து வருஷமாக நாய்ப் படங்களின் முதல் பாதியைத் திரையிலும், இரண்டாம் பாதியை சுப்பையாவின் வாயிலுமாகத்தான் பார்த்திருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நாய்ப் படம் பிள்ளைகள் எடுப்பது, பிள்ளைகள் கையில் கீறல் விழும், அவ்வளவுதான்.

ரஹீம் சொன்னது வேறு. சுப்பையா சனிக்கிழமை ஷிஃப்டு முடிந்து வந்து, கடையின் பின்பக்கம் இருந்த சின்ன டிவியில் இரண்டாவது தட்டை மட்டும் போட்டுத் தனியாகப் பார்ப்பாராம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வாராம். பிறகு அதை அங்கேயே வைத்துவிட்டு முதல் தட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவாராம்.

“ஏன்னு கேட்டேன்” என்றாள் காவ்யா. தமிழில் நீளமாகப் பேசும்போது அவள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கால்வைத்துப் பார்த்துத்தான் வருவாள். “ரஹீம் அங்கிள் சொன்னார், தொண்ணூத்தியொண்ணுல நீ ஒரு நாய்ப் படம் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடலையாம். அந்த நாய் லாஸ்ட்ல செத்துப் போச்சாம். அதுலேர்ந்துதானாம்.”

விசாலாக்ஷியின் கை நின்றது. தொண்ணூற்றொன்று. வாடகைக்கு எடுத்த டெக்கு, கூட்டமாக உட்கார்ந்து பார்த்தது, எல்லோரும் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதது. அவர் மறுநாள் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார். அதுகூட ஞாபகம் இருந்தது. ஆனால் அதன்பின் எந்த நாய்ப் படத்துக்கும் தான் அழவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“போடு பாப்பம்” என்றாள்.

பனி பெய்யும் ஊர். மணிக்கூண்டுக்கு தினம் சாவி கொடுக்கிற கிழவர், அவரோடு படியேறுகிற கறுப்பு நாய். முதல் தட்டு, கிழவர் படியில் தடுமாறி உட்காருவதோடு முடிந்திருந்தது. சுப்பையா சொன்ன மிச்சக் கதையில் கிழவர் இறந்துபோகிறார். நாய் மூன்று நாள் கூண்டின் அடியில் நிற்கிறது. நாலாம் நாள் பக்கத்து பேக்கரியிலிருந்து ரொட்டி வாசம் வருகிறது. போய்த் தின்கிறது. பேக்கரிக்காரி கதவைத் திறந்து வைக்கிறாள். அதற்குப் பிறகு அது பத்து வருஷம் அங்கே இருக்கிறது. அன்றைக்குப் பேக்கரிக்காரியாகப் பேசும்போது அவர் குரலை மாற்றிப் பேசி, காவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரையில் பேக்கரிக்காரி வந்தாள். ரொட்டியும் கொண்டுவந்தாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் திருப்பிக்கொண்டது. அதன்பின் படியில் தலையை வைத்துப் படுத்தது. பனி விழுந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். வயலின் வாசித்தார்கள்.

காவ்யா மூக்கை உறிஞ்சினாள். விசாலாக்ஷிக்கு அழுகை வரவில்லை. பண்டு சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

“எவன் எடுத்தான் இந்தப் படத்த” என்றாள். “அவ ரொட்டி கொண்டாந்து வைக்கா. தின்னா என்ன கொறஞ்சா போயிரும்?”

சொல்லிவிட்டு, சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பண்டுவைப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு ஜெயசீலன் வந்தான். பைக்கின் பின்னால் புதுச் சங்கிலியும் ஒரு பெரிய பை நாய்த் தீனியும் கட்டியிருந்தான். நல்ல பிள்ளை. மூன்று மாதமாக எல்லாக் காகிதங்களுக்கும் அவன்தான் அலைகிறான். சாப்பிடும்போது வாகட் ஃப்ளாட்டில் அம்மாவுக்கு ஒதுக்கிய அறையில் திரைத்துணி மாட்டியாகிவிட்டது என்றும், ஏழாவது மாடி என்பதால் காற்று வரும் என்றும் சொன்னான். விசாலாக்ஷி சாம்பார் ஊற்றினாள். அவளும் பசியாறச் சாப்பிட்டாள். வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய், கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து.

கோவிந்தராஜ் சொன்னபடி மூன்று மணிக்கு வந்துவிட்டார். முன்பு ஃபேக்டரியில் சுப்பையாவோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர், பிறகு தளேகாவில் ஒரு தனியார் ஃபேக்டரிக்கு சூப்பர்வைசராகப் போய்விட்டார். வள்ளியூர்ப் பக்கம். கனத்த உடம்பு, மெல்லிய குரல். டெம்போவை அவரே ஓட்டி வந்திருந்தார். சுப்பையாவின் படத்துக்கு முன் சற்று நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

“மதினி, அண்ணாச்சி சட்ட பழசு ஒண்ணு குடுங்க. அதுக்குப் பக்கத்துல போட்டு வைக்கேன். வாசம் இருந்தா மனசு கொஞ்சம் ஆறும்லா.”

அவர் எவ்வளவு ஏற்பாடு செய்திருந்தார் என்பது பேசப் பேசத் தெரிந்தது. வீட்டு வராந்தாவில் தனியாக இடம் ஒதுக்கி, கோணி விரித்திருக்கிறார். சுப்பையா அண்ணாச்சிக்காகப் பட்டினி கிடக்கும் நாயைப் பற்றி ஃபேக்டரியில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பதினைந்து பேர் மாலை பார்க்க வருகிறார்கள். மனைவி சின்னம்மா காலையிலிருந்து அடுப்பில் நின்று, உப்பு காரம் இல்லாமல் ஆட்டுக்கறி வேகவைத்துக் கொடுத்திருக்கிறாள். எப்படியாவது ஒரு வாய் தின்ன வைத்துவிட வேண்டுமென்று சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

அவர் தூக்குச்சட்டியைத் திறந்தார்.

அடுத்து நடந்ததற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சோபாவுக்குப் பின்னாலிருந்து பண்டு எழுந்து வந்தது. கோவிந்தராஜின் முழங்காலில் முன்காலை வைத்தது. அவர் கீழே வைக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. சட்டிக்குள் முகம் போய், சட்டி தரையில் உருண்டு, அதன் பின்னாலேயே பண்டுவும் சுவர்வரை போய், காலியானதும் திரும்பி வந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையை நக்கியது.

கோவிந்தராஜ் கண் கலங்கிவிட்டார். “பாருங்க மதினி. அண்ணாச்சி கைய மாதிரியே எங்கைய நெனச்சிருக்கு. இத்தன நாள் கழிச்சு, எங்கையால தின்னிருக்கு.”

ஜெயசீலனும் அசந்துபோய் நின்றான். வாசலில் ஷிண்டே காக்கூ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு பாதி உண்மை தெரியும், அதைச் சொல்ல முடியாத தவிப்பு.

இப்படியே விட்டிருக்கலாம். டெம்போ கிளம்பியிருக்கும். தளேகாவில் பதினைந்து பேர் பார்த்திருப்பார்கள். விசாலாக்ஷி கோவிந்தராஜின் ஈரமான கண்ணைப் பார்த்தாள். ரஹீம் கடையின் பின்பக்கம் துண்டால் முகம் துடைத்த ஒருவர் அவளுக்குத் தெரிந்தார்.

“தம்பி, அது பட்டினி கெடக்கல” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“ஒரு நாளும் கெடக்கல. அவுக போன அன்னைக்கு ராத்திரியே தின்னுச்சு. காக்கூ பாக்ரியும் கடலமாவுப் பிட்லாவும் குடுத்து விட்டிருந்தாவ. அடுப்படிக் கதவச் சாத்திட்டு நான் ரெண்டு பாக்ரி தின்னேன். எனக்குப் பசிச்சுது. அவுக கூடத்துல கெடந்து, கழுவிவிட்ட எடம்கூட இன்னும் காயல, எனக்குப் பசிச்சுது. இது எம்மடியில தலைய வச்சுக் கேட்டுச்சு. குடுத்தேன். நாங்க ரெண்டு பேருந்தான் தின்னோம். மறுநா எல்லாரும் வந்து நாய் திங்கான்னு கேட்டாவ. என்னைய யாரும் கேக்கல. கேட்டிருந்தா அதுக்கும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்.”

பண்டு காலிச் சட்டியை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தது.

ஜெயசீலன்தான் முதலில் வாய் திறந்தான். “ஆகஸ்ட்ல லீவு போட்டு அத டாக்டர்ட்ட கொண்டு போனேனேம்மா. ரெண்டு கிலோ கூடியிருக்குன்னு அந்த ஆள் சொன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சு வேற டாக்டர்ட்ட போனேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ரெண்டரைன்னாரு.”

காவ்யா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே ஓடினாள். ஷிண்டே காக்கூவிடம் யாரும் மொழிபெயர்க்காமலே அவளும் புரிந்துகொண்டு, தினமும் தான் வைத்ததைப் பற்றி மராட்டியில் சொல்லத் தொடங்கினாள். கோவிந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை. காலித் தூக்குச்சட்டியை எடுத்து மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார். பொருந்தவில்லை.

“பதினஞ்சு பேர்ட்ட சொல்லிட்டனே மதினி” என்றார் கடைசியில்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நாய் அல்ல, அண்ணாச்சியை மறக்காத ஒரு உயிர் என்று விசாலாக்ஷிக்குத் தெரிந்தது. அதைத்தான் அவள் இத்தனை நாள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். வேண்டாமென்றால் விட்டுவிட்டுப் போங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறோம் என்று ஜெயசீலன் நாசூக்காகச் சொன்னான்.

கோவிந்தராஜ் பண்டுவை ஏற இறங்கப் பார்த்தார். அது அவர் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது.

“திங்கற நாய வளக்கதுதான் லேசு” என்று எழுந்தார். “ஏல, வா.”

சங்கிலி தேவைப்படவில்லை. பண்டு வாசலைத் தாண்டி, கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே புகுந்து, யாரும் தூக்கிவிடாமலே டெம்போவின் பின்பக்கம் ஏறி நின்றது. வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. மாடி மலையாளி முகம் தொங்கிப்போனதை விசாலாக்ஷி கவனித்தாள். தன் முகம் அப்படி இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. இதுவரை நெஞ்சில் கிடந்த ஆத்திரத்தைத் தேடிப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. அதற்கு அவளுக்குப் பேர் தெரியவில்லை.

சட்டையை எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனவள், சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பையும் சட்டையுமாக வெளியே வந்தாள்.

“நானும் போயி, அது படுக்குற எடத்தப் பாத்துட்டு வந்திருதேன்.”

ஜெயசீலன் மணியைப் பார்த்தான். தன் பைக்கில் பின்னாலேயே வருவதாகச் சொன்னான். வேண்டாம், ஏழு மணி லோக்கல் ரயிலில் திரும்பிவிடுவேன் என்றாள் விசாலாக்ஷி. டெம்போவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் தனியாக எங்கேயும் போய் அவன் பார்த்ததில்லை. காவ்யா ஜன்னலருகே வந்து, அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

பிம்ப்ரி, சிஞ்ச்வட் தாண்டினார்கள். தேஹு ரோடு வந்தபோது மழை லேசாகத் தூறியது. வைப்பரைப் போட்டுவிட்டு கோவிந்தராஜ் பேச ஆரம்பித்தார். நாய்க்கு வராந்தா போதாவிட்டால் மாடி இருக்கிறது, ஓடித் திரியலாம். மேலே ஒரு அறையும் அடுப்படியும் கட்டி, ஃபேக்டரிப் பிள்ளைகள் நாலு பேருக்கு விட்டிருந்தார். போன மாதம் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். சும்மாதான் கிடக்கிறது. சின்னம்மாவுக்குத்தான் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

விசாலாக்ஷி மடியிலிருந்த சட்டையை நாலாக மடித்தாள். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பண்டு காற்றுக்கு எதிரே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரோட்டின் இடது பக்கம் வாகட்டுக்குப் பிரியும் வழி எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது.

“தம்பி” என்றாள்.

“சொல்லுங்க மதினி.”

“அந்த மாடில, ரெண்டு வேளையும் தண்ணி வருமா?”

கோவிந்தராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்து, அவள் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் அவள் கைப்பைக்குள் மொபைல் அடித்தது. திரையில் ஜெயசீலன் பெயர். அவள் எடுக்கவில்லை. அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தாள்.